தட்டச்சர் அக்காவின் அழைப்புக்குறி

நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடமாகத் தட்டச்சர் அவர். வக்கீல் வாயை மூடுமுன் வாக்கியம் தாளில் ஏறியிருக்கும். அப்பேர்ப்பட்ட கை, முகம் தெரியாதவர்களோடு பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோவுக்கான உரிமத் தேர்வில் காலை வாரிவிட்டது.

'டிட்', 'டா' என்று விட்டுவிட்டு வரும் மோர்ஸ் ஒலியைக் கேட்டு எழுத்தெழுத்தாக எழுத வேண்டும். நான்காவது எழுத்து பிடிபடவில்லை. அது என்னவாக இருக்கும் என்று யோசிப்பதற்குள் மீதியெல்லாம் காதைத் தாண்டிப் போய்விட்டது.

"விட்டதை விட்டுட்டு அடுத்ததைப் புடிக்க வேண்டியதுதானே?" என்றார் பெயிண்டரான கணவர்.

"கோர்ட்டுல ஒரு எழுத்தை விட்டா ஜட்ஜு என்னைப் புடிப்பாரே! பழக்கம் விடமாட்டேங்குது."

ஆறு மாதம், காதில் மோர்ஸ் ஒலியோடுதான் பாத்திரம் கழுவினார். இரண்டாவது தேர்வில் விரல்கள் சில்லிட்டிருந்தன. நடுவில் ஓர் எழுத்து தவறியது. அந்த இடத்தில் வெறும் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினார். தேறிவிட்டார்.

உரிமம் தருமுன் விசாரிக்க ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி முழுக்க அக்கம்பக்கத்துத் தலைகள்.

"என் பையன் எந்த வம்புக்கும் போகமாட்டான் சார்," என்று மாமியார் முந்திக்கொண்டார்.

"பையன் இல்லம்மா. உங்க மருமகளைப் பத்தித்தான்."

மாமியாரின் முகம் வெளுத்தது. காவலர் தட்டச்சர் பக்கம் திரும்பினார். "ரேடியோல யார்கூடப் பேசப் போறீங்க?"

"தெரியாது சார். யார் பதில் சொல்றாங்களோ அவங்ககூட..."

காவலரின் பேனா நின்றது. தட்டச்சரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினாரோ என்ற கவலையில் நான்கு மாதம் தட்டச்சருக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடினார்.

ஐந்தாம் மாதம் உரிமம் வந்தது, ரேடியோவில் அவரை அடையாளம் காட்டும் ஓர் அழைப்புக்குறியோடு. கணவர் ஏணி போட்டு மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பியை இழுத்துக் கட்டினார். ஞாயிறு காலை, மாமியார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார, தட்டச்சர் மைக்கை எடுத்தார். மூன்று முறை அழைத்தும் இரைச்சல்தான். நான்காவது முறை, கரகரத்த ஆண்குரல் ஒன்று அவருடைய அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னது.

தட்டச்சர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ அத்தை, பதில் சொல்றாங்க!"

"கூப்பிட்டா சொல்லத்தானே செய்வாங்க? பேசுடி!"

பேசினார். பதில் சொன்னவர் ஒரு பல் டாக்டர். தட்டச்சரின் குரல் தெளிவாகக் கேட்பதாகச் சொன்னார். நான்கு நிமிடத்தில் முடிந்தது. புடவைத் தலைப்பு வியர்வையில் நனைந்திருந்தது.

அந்த வருடம் அறுபத்தெட்டுப் பேரோடு பேசினார். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு முறையும் மைக்கின் பொத்தானை அழுத்துமுன் தொண்டை அடைக்கும். செருமிக்கொண்டு அழுத்திவிடுவார்.