ஆறாம் நம்பர் பிரஷ்

என் கைப்பையில் ஆறாம் நம்பர் பிரஷ் ஒன்று எப்போதும் இருக்கிறது. பச்சைக் கைப்பிடி, அதன் பின்முனையில் பல் பதிந்த தடம். அந்தப் பல் என்னுடையதல்ல, என் தோழியுடையது. எந்த வண்ணத்தைத் தொடுவது என்று யோசிக்கும்போதெல்லாம் அவள் பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

நாங்கள் சங்கராபுரத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சியிலும் அடுத்தடுத்த தெருவுக்கே வந்து சேர்ந்தோம். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள், "ஞாயித்துக்கெழம படம் வரையச் சொல்லித் தராங்களாம், வரியா?" என்று அவளைக் கேட்டேன். பொழுது போகாமல்தான் கேட்டேன். அவள் இரண்டு நாள் கழித்து, "வரேன்டி" என்றாள். கடைவீதிக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடம். கீழே தையல் வகுப்பு, மேலே ஓவிய வகுப்பு. அவள் கணவர் மூன்று மணிக்கு அவளைப் பைக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, ஐந்து மணிக்கு வந்து அழைத்துப் போவார். என்ன அக்கறை என்று நான் என் வீட்டுக்காரரிடம் குத்திக்காட்டிச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

எனக்கு வரையவே வராது. ஒரு முறை ஆசிரியை என் தாளைப் பார்த்து, மாம்பழம் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். நான் வரைந்தது பானை. தோழிக்கோ முதல் வாரத்திலேயே கை பேசியது. அவள் பிறந்த வீடு கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. அந்தக் கொல்லையிலிருந்து தெரியும் மலையை வாராவாரம் வரைந்தாள். "மலைய இன்னாத்துக்குடி நீலமாப் போடுற?" என்று கேட்டால், "எங்க வூட்டாண்ட இருந்து பாத்தா நீலந்தான். கிட்டப் போனாத்தான் பச்சை" என்பாள். அதற்கு மேல் நான் என்ன பேசினாலும் அவள் காதில் ஏறாது. ஐந்து மணியானதும் நகக்கண்ணில் ஒட்டிய சாயத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பாள். பெட்டி, பிரஷ், படங்கள் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிடுவாள். "வூட்ல எடமில்ல, நீயே வச்சிக்கோ." அப்போது அவர்கள் இருந்தது சின்ன வாடகை வீடு. நானும் நம்பினேன். எனக்கு வாய் நீளமாக இருக்கும் அளவுக்குப் புத்தி நீளமில்லை.

அடுத்த தை மாதம் அவர்கள் சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்தார்கள். எல்லோரும் சுவர்க்கடிகாரமும் குத்துவிளக்கும்தான் தருவார்கள், நாம் வித்தியாசமாகத் தரவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. என்னிடம் இருந்த படங்களில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு, சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போனேன். அன்பளிப்பு என்று உங்கள் பெயரைக் கீழே ஒட்டவா என்று கடைக்காரர் கேட்டார். என் பெயர் வேண்டாம் என்று சொல்லி, பொன்னிற எழுத்தில், 'வரைந்தவர்' என்று தோழியின் பெயரை ஒட்டச் சொன்னேன்.

கூடம் நிறைய உறவினர்கள். அப்புறம் பிரிக்கலாம் என்று வாங்கி வைக்கப்போன அவள் கணவரை நான்தான், "இப்பவே பிரிச்சிப் பாருங்கண்ணா" என்று வற்புறுத்தினேன். அவர் காகிதத்தைக் கிழித்து, பெயரை இரண்டு தரம் படித்தார். "ஒங்க வூட்டம்மா போட்டதுதான். வாராவாரம் எங்கூட மாடிக்கு வராங்களே" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அப்போதுதான் தோழியின் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை. அவர் கோபிக்கவில்லை. சிரித்தபடியே, "இது கீழ தையல் கிளாஸுக்குப் போவுதுன்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன். நல்லவேள சொன்ன தங்கச்சி" என்றார். ஆளைக் கூப்பிட்டு ஆணி அடிக்கச் சொல்லி, அந்தப் படத்தைக் கூடத்தின் நடுச்சுவரில் தன் கையாலேயே மாட்டினார்.

ஏன் பொய் சொன்னாய் என்று பிறகொரு நாள் காய்கறிக் கடையில் கேட்டேன். "தைக்கப் போறேன்னா ஒன்னும் கேக்க மாட்டாரு. படம்னா எதுக்குன்னு கேப்பாரு. எதுக்குன்னு எனக்கே தெரியாதேடி" என்றாள். என்மேல் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. குடிபுகுந்ததற்கு அடுத்த ஞாயிறிலிருந்தே அவள் தையல் இயந்திரத்தின் முன் போய் உட்காரும்வரை அவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். அந்த மனிதரை யாரிடம் போய்க் குறை சொல்வது? அடிக்கவில்லை, திட்டவில்லை, பெண்டாட்டி வரைந்த படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். நான் அவள் முதுகைப் பார்த்தபடி படியேறி, மேலே உட்கார்ந்து பானை வரைந்தேன். கீழே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு மாதத்தில் நானும் நின்றுவிட்டேன்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. இப்போது அவள் வீட்டிலேயே தைக்கிறாள், கை சுத்தம் என்று பெயர். போன வாரம் ஜாக்கெட்டுக்குத் துணி கொடுக்கப் போனேன். உண்மையில் பிரஷ்ஷைக் கொடுக்கத்தான் போனேன். அந்தப் படத்துக்குக் கீழே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் நான் பிரஷ்ஷை எடுத்து இயந்திரத்தின் மேல் வைத்தேன். அவள் அதன் முடியைக் கட்டைவிரலால் வருடிப் பார்த்தாள். காயாமல் இருக்க வாராவாரம் கழுவி வைத்திருந்தேன், மிருதுவாகத்தான் இருந்தது. பின்முனையின் பல் தடத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப என் பையிலேயே போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"என்ன மன்னிச்சிடுடி" என்றேன். அதைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. கூடத்தில் பேப்பரைத் திருப்பும் சத்தம் நின்றது.

அவள் நாடாவை என் முதுகைச் சுற்றி இழுத்தாள். "கையத் தூக்கு. அளவு தப்பாப் பூடும்" என்றாள்.

இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.