லாபம், ரெண்டு, மூணு

தை மாதம் இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பத்தொரு நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. வாடைக்காற்று லேசாக இருந்தது. சேலத்தில் ஒரு கல்லூரிக் கலையரங்கின் முதல் வரிசையில், இடமிருந்து ஐந்தாவது நாற்காலியிலிருந்து நான் எழுந்தேன். மேடையில் என் மருமகள் ஆடிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். நாற்காலியிலிருந்து கதவுக்கு முப்பத்தெட்டு அடி நடை. கதவிலிருந்து வெளியே இருந்த வேப்பமரத்துக்கு இருபத்தாறு. இது நடந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அந்த அறுபத்து நான்கு அடிகளையும் இன்றைக்கும் காலில் உணர்கிறேன்.

நான் ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதியவன். லாரியில் ஜவ்வரிசி மூட்டை ஏறும்போது பக்கத்தில் நின்று எண்ணுவது என் வேலை. எங்கள் பக்கத்தில் களத்தில் தானியம் அளக்கிறவர்கள் யாரும் 'ஒன்று' என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் அளவைக்கு 'லாபம்' என்றுதான் பெயர். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். என் தகப்பனார் சோளத்தை அப்படி அளந்தார். நான் பி.காம். படித்துவிட்டு மூட்டையை அப்படி எண்ணினேன். பன்னிரண்டு மூட்டை ஏறியதும் உள்ளங்கையால் மூட்டையின்மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். சுமைக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொள்ள அது அடையாளம். வேலையை விட்ட பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. மாடிப்படி, மாத்திரை, தென்னையில் குரும்பை, எதையும் விடுவதில்லை. "உங்களைக் கட்டுனதுல இருந்து நான் எத்தன தோசை சுட்டேன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று என் மனைவி கேட்பாள். அதைத்தான் எண்ணாமல் விட்டுவிட்டேன்.

காற்றாலை கம்பெனி வேலைக்கு ஸ்பெயின் போன என் மகன் அங்கேயே ஒரு நாட்டியக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டான். ஃப்ளமெங்கோ என்பது அவர்கள் ஊர் ஆட்டம். கிதார் உண்டு, பாட்டு உண்டு, கைதட்டு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே காலடி. ஆணி அடித்த செருப்போடு மரப்பலகையை மிதித்து மிதித்து ஆடுவது. அந்தச் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு காலின் முன்பக்கத்தில் மட்டும் முப்பத்தேழு ஆணி. ஒன்று பெயர்ந்து காலில் ஏறினால் என்ன ஆவது என்று அவளைச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் தடுப்பூசி போட வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

இந்தியாவை வைத்து ஒரு நாட்டிய நிகழ்ச்சி உருவாக்க வேண்டும் என்று அவள் எங்கள் வீட்டில் ஐந்து மாதம் வந்து தங்கினாள். என் மகனிடம் கற்ற தமிழ் என்பதால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவாள். தெருநாயைக்கூட "போங்க, அந்தப் பக்கம் போங்க" என்றுதான் விரட்டுவாள். என் மனைவிக்கு முதலில் அவளைப் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு நாள் வேலி ஓரம் நின்று கேட்டார்.

"ஏனுங்க, உங்க மருமக ஏனுங்க அந்த மிதி மிதிக்குது? மாமியாகூட எதாச்சும் சண்டைங்களா?"

"சண்டைன்னா எம்மேலயில்ல மிதிச்சிருக்கோணும்" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

முதலில் சிமெண்டு வாசலில்தான் ஆடினாள். முழங்கால் போய்விடும், மரம் வேண்டும் என்று என் மகன் போனில் சொன்னான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எனக்குப் பழக்கம் இருந்தது. லாரியின் அடித்தளத்துக்குப் போடும் பலகையிலேயே எட்டடிக்கு ஆறடி ஒரு மேடை செய்யச் சொன்னேன். பன்னிரண்டு பலகை, நூற்று நாற்பத்து நான்கு போல்ட். பட்டறைக்காரர், "இது மேல பத்து டன் ஏத்தலாமுங்க" என்றார். "அம்பத்தி மூணு கிலோதான் ஏறும்" என்றேன். அந்தப் பலகையை வீட்டுக்குப் பின்னால், கொல்லிமலை தெரிகிற பக்கம் போட்டோம். தினமும் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை அவள் ஆடுவாள். நான் கட்டிலில் உட்கார்ந்து எண்ணுவேன்.

எண்ணியதால்தான் பிசகைக் கண்டுபிடித்தேன். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஆடுவாள். ஆனால் பன்னிரண்டில் ஆரம்பித்தாள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று போனாள். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் கேட்டுவிட்டேன்.

"ஏஞ்சாமி, கடைசி நம்பர்ல போய் ஆரம்பிக்கிற? ஒண்ணுல இருந்துதான ஆரம்பிக்கோணும்?"

"எங்க ஆட்டத்துல அப்பிடித்தானுங்க மாமா. பன்னெண்டுலதான் வட்டம் ஆரம்பிக்கும்."

"அது எப்பிடி? பன்னெண்டு வர்றதுக்கு முன்னாடியே பன்னெண்டு எப்பிடி வரும்?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க மட்டும் ஒண்ணுலயா ஆரம்பிக்கிறீங்க? நேத்து தேங்கா எண்ணுனப்ப லாபம்னுதானுங்க சொன்னீங்க. லாபம் ஒரு நம்பருங்களா?"

உள்ளே என் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். அன்றிலிருந்து மருமகள் என்னிடம் பாடம் கேட்க ஆரம்பித்தாள். களத்தில் எப்படி அளப்பார்கள், மூட்டையை எப்படித் தட்டுவேன் என்றெல்லாம் கேட்டு, ஒரு நோட்டில் அவள் மொழியில் எழுதிக்கொண்டாள். அவள் பன்னிரண்டு அடி முடிக்கும்போது நான் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டுவேன். அவள் உடனே தலையைத் திருப்பி அடுத்த வட்டத்துக்குப் போவாள். இருபது நாளில் அது எங்கள் இருவருக்கும் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. நான் டீ குடிக்க எழுந்து போனால் அவள் பதினொன்றிலேயே நின்று காத்திருப்பாள்.

அவள் உருவாக்கிய நிகழ்ச்சியின் கதையை ஒரு நாள் சொன்னாள். இந்த ஆட்டத்தை வளர்த்த நாடோடி மக்கள் வெகு காலத்துக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பிப் போனவர்கள் என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். அவள் கதையில் ஒரு பெண் களத்திலிருந்து மேற்கே நடக்கத் தொடங்குகிறாள். நடக்க நடக்க ஒவ்வொரு சொல்லாக மறந்துபோகிறது. வீட்டின் பெயர், பயிரின் பெயர், கடைசியில் தாயின் பெயர். கால் மட்டும் எண்ணிக்கையை மறக்கவில்லை. "அவ்வளவுதானுங்க மாமா கதை" என்றாள். "போனவிய எல்லாம் என்னத்த சாப்புட்டாங்களோ" என்று நான் கவலைப்பட்டேன்.

நிகழ்ச்சிக்கு ஸ்பெயினிலிருந்து கிதார்காரர், பாடகர், கைதட்டுகிறவர்கள் என்று ஐந்து பேர் வந்திருந்தார்கள். எங்கள் பலகையை மினி லாரியில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். மனைவிக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் அவள் வரவில்லை. நிகழ்ச்சிக்காக வந்திருந்த மகன் அரங்கின் பின்னால் காமிராவோடு நின்றான். மேடைக்குப் போகும் முன் மருமகள் என்னிடம் வந்தாள்.

"மாமா, அஞ்சாவது சேர். எந்திரிக்கக் கூடாதுங்க. கடைசி வரைக்கும் இருக்கோணும்."

"ஆவட்டும் சாமி. நானெங்க போறேன்?"

ஆறு மணிக்குத் தொடங்கியது. முதல் அரைமணி நேரம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அவள் கறுப்புச் சேலைத் துணியில் தைத்த நீளப் பாவாடை உடுத்தியிருந்தாள். நான் எண்ணினேன், ஒரு அடிகூடப் பிசகவில்லை. பிறகு அவள் வேகம் எடுத்தாள். அப்போது மேடையோரத்தில் உட்கார்ந்திருந்த பாடகர் திடீரென்று "ஓலே!" என்று கத்தினார். இன்னொருவரும் கத்தினார். கைதட்டு ஓங்கியது. அதைக் கேட்டு அரங்கில் இருந்த மாணவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். பின்வரிசைகளிலிருந்து "ஓஓ" என்று இழுத்து, கடைசியில் "லே" சேர்த்துக் கத்தினார்கள். ஆட்டத்துக்கு நடுவிலேயே கை தட்டினார்கள்.

எங்கள் பக்கம் ஆட்டத்துக்கு நடுவில் கை தட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். 'ஓ' போட்டால் என்ன அர்த்தம் என்றும் தெரியும். பத்தொன்பது வயதில், வெண்ணந்தூர்த் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷக்காரர் வசனத்தை மறந்து நின்றபோது, அப்படிக் கை தட்டி 'ஓ' போட்டு அவரை இறக்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். பிறகு தண்ணீர் குடிக்க மேடைக்குப் பின்னால் போனேன். அவர் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் சாயம் ஒழுக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தை மருமகளிடம் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. அவளுடைய ஆட்களே அவளுக்கு 'ஓ' போடுகிறார்களே என்று நினைத்தேன். அவள் இறங்கும்போது நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. அதற்காகத்தான் எழுந்தேன்.

வேப்பமரத்தடியில் நின்றேன். ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உள்ளே பெரிய கைதட்டல் கேட்டது. அது நெடுநேரம் ஓயவில்லை. பாவிகள், ஒருவழியாகத் துரத்திவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இரவே காரில் ஊருக்குத் திரும்பினோம். மல்லூர் தாண்டியதும் அவள் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"மாமா, புடிக்கலீங்களா?"

"தலவலி சாமி. வேற ஒண்ணுமில்ல" என்றேன். நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அவளோ, ஆட்டம் பிடிக்காமல் எழுந்துபோன கிழவன் தன் மனம் நோகாமல் இருக்கப் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவள் சரி என்று தலையசைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்த ஆறு நாளும் அவள் பலகையில் ஏறவில்லை. காலை ஏழு மணிக்கு நான் கட்டிலில் போய் உட்காருவேன். அவள் என் மனைவியோடு அடுப்படியில் இருப்பாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "வாரேனுங்க மாமா" என்றாள். போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதை என் மனைவி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அவள் வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து இரத்தத்தில் ஏதோ வியாதி என்று போன் வந்தது. அதிலிருந்து எழுபத்தொன்பதாம் நாள் இறந்துபோனாள். வயது முப்பத்தாறு. என் மனைவி இரண்டு நாள் வாயில் தண்ணீர் வைக்கவில்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் பலகையில் இருந்த போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மகன் சாம்பலில் ஒரு பங்கோடு வந்தான். காவிரியில் கரைத்துவிட்டு வந்த பிறகு, லேப்டாப்பில் சேலம் நிகழ்ச்சியைப் போட்டான். நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் பாடகர் கத்தினார். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

"நிறுத்து சாமி. இந்த 'ஓ' போடறத என்னால கேக்க முடியாது."

மகன் என்னைப் பார்த்தான். "ஏனுங்கப்பா, அது 'ஓ' போடறது இல்லீங்க. ஓலேன்னா பேஷ், பலேங்கிறாப்லங்க. நல்லா ஆடுனாத்தான் அப்பிடிக் கத்துவாங்க." பிறகு கேட்டான். "அதுக்கா எந்திரிச்சுப் போனீங்க?"

முகத்திலிருந்து கையை எடுத்தேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்தொன்றாம் நிமிடத்தில் கிதார் நின்றது, பாட்டு நின்றது. அவள் தனியாகப் பலகையின் முன்விளிம்புக்கு வந்தாள். குதிகாலால் ஒரு மிதி. "லாபம்" என்றாள். இன்னொரு மிதி. "ரெண்டு." அரங்கமே அதிர்ந்தது, சிரித்தது. "மூணு, நாலு" என்று என் குரலின் இழுப்போடு பன்னிரண்டு வரை எண்ணினாள். பன்னிரண்டில் நின்று, வலது கையை ஐந்தாவது நாற்காலிப் பக்கம் நீட்டினாள். என் தட்டுக்காக.

காமிரா பின்னாலிருந்து எடுத்ததால் நாற்காலியின் முதுகு தெரிந்தது. அதற்குமேல் தலை இல்லை. அவள் காத்திருந்தாள். நான் எண்ணினேன்: ஏழு விநாடி. பிறகு அவளே தன் கையை ஒருமுறை தட்டிக்கொண்டு அடுத்த வட்டத்துக்குப் போனாள்.

"ஸ்பெயினுக்குப் போனதும் அந்த எடத்த எடுத்துட்டாளுங்கப்பா. அங்க ஆடுனப்ப எல்லாம் அவிய பாஷையிலதான் எண்ணுனா" என்றான் மகன். லாபம் என்ற சொல் அந்த மேடையில் ஒருமுறைதான் ஒலித்திருக்கிறது. அப்போது நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன்.

பலகை இப்போதும் பின்னால் இருக்கிறது. கரையான் ஏறாமல் இருக்க மாதம் ஒருமுறை லாரி வேஸ்ட் ஆயில் பூசுகிறேன். இன்றைக்கு வெயில் அதிகம், காற்று இல்லை. காலை ஏழு மணிக்கு வழக்கம்போலக் கட்டிலில் உட்கார்ந்தேன். சேலத்தில் அன்று மாலை ஆறு நாற்பத்தொன்றிலிருந்து ஏழு பன்னிரண்டு வரை எத்தனை நிமிடம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வேறு மாதிரி எண்ண எனக்குத் தெரியவில்லை; முதல் நிமிடத்துக்கு வாய் தானாக லாபம் என்றது. பன்னிரண்டில் ஒருமுறை, இருபத்து நான்கில் ஒருமுறை கட்டில் சட்டத்தைத் தட்டினேன். மூன்றாவது வட்டம் முடியவில்லை. கூட்டிப் பார்த்தால் அவள் எனக்கு வைத்திருந்ததில் நான் இழந்தது முப்பத்தொரு நிமிடம்.