கொடுத்துத் திரும்ப வாங்கிய வாத்து

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு இன்ஜினீயர்களுக்கு வீடு பார்த்துத் தருவது, விசா தாள்களைச் சரிபார்ப்பது எல்லாம் என் வேலை. அவர்களில் ஐம்பது வயது தாண்டிய கொரியர் ஒருவர், விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது எங்கள் பிரிவில் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு மண் வாத்து கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு, சாம்பல் நிறம், அடியில் மியூசியம் கடையின் ஸ்டிக்கர்.

அசல் மிகப் பழையது என்றும், அதன் முதுகில் ஊற்றுவதற்கு வாயும் வாலில் துளையும் இருக்கும் என்றும் தமிழும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். அந்தக் காலத்தில் இறந்தவரோடு குழியில் வைப்பார்களாம். போகிற உயிருக்கு வாத்து வழிகாட்டும் என்று நம்பிக்கை.

அவர் நகர்ந்ததும் பக்கத்து மேசைப் பெண், "இன்னாக்கா இது, பொணத்தோட பொதைக்கிறத கிஃப்டுன்னு குட்த்துட்டுப் போறாரு?" என்றாள்.

மற்ற ஐவரும் வாத்துகளை ஆபீஸ் அலமாரியிலேயே விட்டுவிட்டார்கள். பிரிவு வேறு கட்டடத்துக்கு மாறியபோது அவை தொலைந்தன. நான் மட்டும் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய், ஷோகேஸில் மாதா சிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். மகள் அதற்கு நெயில் பாலிஷால் இரண்டு சிவப்புக் கண்கள் வைத்தாள்.

அடுத்த ஆண்டு அந்தக் கொரிய இன்ஜினீயருடைய அம்மா ஊரில் இறந்துபோனார். புது மாடலுக்கான உற்பத்தி லைன் ஓடத் தொடங்க இரண்டே நாள் இருந்தது. டிக்கெட் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். லைன் ஓடியது, கேக் வெட்டினார்கள், அவரும் கை தட்டினார்.

ஒரு வாரம் கழித்து என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், அந்த வாத்து இருக்கா?"

"இருக்கு சார்."

"திருப்பித் தர முடியுமா? சாரி. கொடுத்ததைக் கேட்கிறேன்."

நாளைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, மகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று. அன்று மாலை ரிமூவர் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மண்ணில் ஊறிய சிவப்பு முழுதாகப் போகவில்லை. மறுநாள் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபடி நீட்டினேன்.

அவர் வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கட்டும். கண் இருந்தால் வழி தெரியும்," என்றார். பிறகு, பக்கத்தில் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி காரில் மணிமங்கலம் ஏரிக்குப் போனோம். கரைக்குக் கீழே, ஈர மண்ணில், அவரே சிறு குச்சியால் குழி தோண்டினார். எனக்கு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சார், இது கடையில வாங்குன காப்பிதானே?"

அவர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "எங்க அம்மா மியூசியம் போனதே இல்லை."

வாத்தை வைத்து மூடிவிட்டு இரண்டு முறை தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார். பேன்ட் முழங்காலில் சேறு. தூரத்தில் நின்ற டிரைவர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"இன்னா மேடம், எதுனா பரிகாரமா?"

"அவங்கம்மா போய்ட்டாங்க. சாவுக்குப் போவ முடியல."

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். நான் மனசுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். அதற்குள் அவர் எழுந்து, ஏரித் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்தார்.

காரில் ஏறியதும் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அந்த வாரம் முழுக்கத் தூங்காதவர் போல வாய் திறந்திருந்தது. படப்பையில் நல்ல நெரிசல். லாரிகளுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் நடுவே டிரைவர் பொறுமையாக ஊர்ந்தார். ஒரகடம் வரும்வரை அவர் ஹார்னில் கை வைக்கவே இல்லை.