பத்து நாள் பயணி

கதவு தட்டப்படும். திறந்து பார்த்தால் எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள். கம்பளத்தின் மேல் ஒரு தட்டும், அதில் மூடி போட்ட சாப்பாடும் ஒரு ஆப்பிளும் இருக்கும். நடைவழியின் கோடியில் வெள்ளைக் கவச உடை போட்ட ஒரு முதுகு திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். பத்து மாதமாக அந்தச் சொகுசுக் கப்பலில் கதவு தட்டிக்கொண்டிருந்தவன் நான். பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் ஸ்டூவர்ட் வேலை. பதினெட்டு அறைகள், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இப்போது தட்டுகிற ஆள் வேறு, உள்ளே இருக்கிறவன் நான். மெத்தை, பால்கனி, கடல் எல்லாம் எனக்கே எனக்கு.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்த காலை அது. ஒரு பயணம் முடிந்து பழைய பயணிகள் இறங்குவார்கள். மதியத்துக்குள் அத்தனை அறைகளையும் துடைத்து வைத்தால் புதியவர்கள் ஏறுவார்கள். எனக்கு அன்றுதான் கடைசி நாள். எட்டு மாத ஒப்பந்தம், மாற்று ஆள் கிடைக்காமல் பத்து மாதமாக நீண்டிருந்தது. பெட்டி கட்டியாயிற்று, மாலை விமானத்துக்குச் சீட்டும் வந்துவிட்டது. நான் கப்பலேறிய இரண்டாவது வாரம் பிறந்த என் மகளை முதன்முறையாகத் தூக்கப் போகிறேன். இறங்குவதற்கு முன் எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். எனக்குக் கொரோனா இருந்தது. வேலை உடுப்போடே என்னைக் காலியாக இருந்த ஒரு பயணியர் அறைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பத்து நாள் வெளியே வரக்கூடாது, வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். மாலையில் ஜன்னல் வழியாகத் துறைமுகம் மெல்ல நகர்ந்தது. அடுத்த பதினான்கு நாள் பயணத்துக்குக் கப்பல் என்னையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

என் மனைவி தமிழரசி அப்போது அவள் அம்மா வீட்டில் இருந்தாள். கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். வீட்டுக்குள் சிக்னல் வராது. கோமுகி அணைக்கரைப் பக்கம் வந்து நின்றால்தான் வீடியோவில் பார்த்துப் பேச முடியும். அன்றைக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஜொரம் ஜாஸ்தியா இருக்குதாங்க?"

"இல்ல தமிழு. தொண்டைதான் கொஞ்சம் எரியுது."

"அப்ப சரி. பத்து மாசம் இருந்துட்டோம், இன்னும் பத்து பாஞ்சு நாளு இருக்க மாட்டமா?"

அவள் சிரித்தாள். முதுகுக்குப் பின்னால் மலை நீலமாகக் கிடந்தது. குழந்தை என்னைப் பார்க்கவில்லை, அணைக்கரையில் மேய்ந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில் ஆள் இருப்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. பால்கனிகளுக்கு இடையில் ஒரு வெள்ளைத் தடுப்புப் பலகை உண்டு. அதற்கு அப்பால் ஒரு இருமல் கேட்டது, பிறகு ஒரு வயதான பெண் குரல். "யாராவது இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. இருக்கிறேன் என்றேன். அவர் பெயர் டோரதி, வயது எழுபத்தெட்டு, கணவர் இறந்த பிறகு தனியாக வாழ்கிறவர். முந்தைய பயணத்தையும் இந்தப் பயணத்தையும் சேர்த்தே பதிவு செய்திருந்தாராம். இரண்டுக்கும் நடுவில் எடுத்த பரிசோதனையில் மாட்டிக்கொண்டார். இப்படி இறங்காமலே அடுத்தடுத்துப் போவதை அவர்கள் 'பேக்-டு-பேக்' என்பார்கள்.

"நீங்களும் பேக்-டு-பேக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம், பத்து மாதமாக" என்றேன்.

"பத்து மாதமா? அடேயப்பா, கொடுத்து வைத்தவர்" என்றார். அவர் என்னைப் பயணி என்று நினைத்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்தியிருக்கலாம். நான் திருத்தவில்லை. பத்து மாதமாக 'மேடம்', 'சார்' என்றே பேசிப் பழகிய நாக்கு, அந்தப் பலகையின் மறைவில் சும்மா ஒரு மனிதனாகப் பேசியது. அது எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் தினமும் காலை பதினோரு மணிக்கு ஆளுக்கொரு நாற்காலியைப் பலகையருகே போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கே இறங்குவீர்கள் என்று ஒரு நாள் கேட்டார். என் ஊரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "கள்ளக்குறிச்சி" என்றேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அட்டவணையில் அப்படி ஒரு துறைமுகமே இல்லையே" என்றார் கவலையாக. அங்கே கடல் இல்லை, மலை இருக்கிறது என்றேன். அவர் இன்னும் குழம்பிப்போய், அப்படியானால் கப்பலிலிருந்து பேருந்தில் அழைத்துப் போவார்களா என்று கேட்டார். ஆமாம், உளுந்தூர்பேட்டை வழியாகப் பேருந்துதான் என்றேன். இருவரும் பேசியது இருவேறு விஷயம். ஆனாலும் இரண்டு பேருக்கும் திருப்தியாக இருந்தது.

அவர் பேசி முடித்து உள்ளே போன பிறகு அப்பாவின் நினைப்பு வரும். இரண்டாவது அலையின்போது அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கரும்புக் கொல்லையில் ஒரு மோட்டார் கொட்டகை உண்டு. வீட்டில் இருந்தால் எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அவராகவே அங்கே போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா கஞ்சியை வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுவாள். நான் அப்போது கப்பல் அழைப்புக்காகச் சென்னையில் ஒரு விடுதியில் காத்திருந்தேன். ஊரடங்கில் அசைய முடியவில்லை. ஐந்தாம் நாள் அம்மா கூப்பிட்டதற்கு அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த கொல்லையில் மடை திருப்பிக்கொண்டிருந்த ஏழுமலைக்கு அது கேட்டிருக்கிறது. வாய்க்கால் தகராறில் மூன்று வருடமாக எங்களோடு பேசாத ஆள் அவர். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய், அப்பாவைத் தூக்கித் தன் வண்டியில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் தன் தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, திருக்கோவிலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்பா பிழைத்தார். பிறகு நான் போனில் நன்றி சொன்னபோது ஏழுமலை, "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. கூப்ட்டா குரலு வரல, போனேன். வாய்க்கா வெவகாரம் வேற, அத அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அவர் சொன்னபடி அப்புறம் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள்.

ஆறாம் நாள் பதினோரு மணிக்கு டோரதி வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். மதியம் சாப்பாட்டுக்காரர் அவருடைய அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது, திறக்கும் சத்தம் கேட்கவில்லை. பால்கனியில் நின்று கூப்பிட்டேன். உள்ளே ஏதோ கண்ணாடிப் பொருள் விழுந்தது. மறுபடி கூப்பிட்டேன், குரல் வரவில்லை. போனை எடுத்து மருத்துவப் பிரிவை அழைத்தேன். இணைப்பில் காத்திருங்கள் என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது, பிறகு இசை போட்டது. கப்பலில் அன்று பல தளங்களில் காய்ச்சல். அவசர எண்ணை அழைக்கலாம் என்றால், உள்ளே என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது.

அந்தத் தடுப்புப் பலகையைத் திறக்க முடியும் என்பது பயணிகளுக்குத் தெரியாது. ஓரத்தில் ஒரு சின்னச் சதுரப் பூட்டு இருக்கும். குடும்பமாக வருகிறவர்கள் கேட்டால் ஸ்டூவர்ட்தான் திறந்துவிடுவான். அதன் சாவி என் வேலைக் கால்சட்டைப் பையில் இருந்தது. வேலைக்கு நடுவில் என்னை அழைத்து வந்ததால் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலு நாள் பொறுத்தால் விடுதலை. அந்தப் பயணம் முடியும்போது மற்றவர்களோடு இறங்கிவிடலாம். திறந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து, விமானம் போய்விடும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏழுமலை இவ்வளவு நேரம் நின்றிருக்கமாட்டார்.

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பூட்டைத் திருப்பினேன். நல்ல வேளையாக அவருடைய கண்ணாடிக் கதவு தாழிடப்படவில்லை. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் தரையில் கிடந்தார். உதடு கருத்திருந்தது. நான் நினைத்திருந்ததைவிட மிகச் சிறிய உருவம். நிமிர்த்திக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தேன். அவசர எண்ணை அழைத்தபோது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் தானாக வந்தன. அறை எண்ணைச் சொன்னேன், மூச்சுத் திணறல் என்றேன், "பேசுவது ஸ்டேட்ரூம் ஸ்டூவர்ட் குமரவேல்" என்று முடித்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் இங்கே வேலை செய்கிறவரா?" என்றார், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியபடி.

"ஆமாம் மேடம்."

நாக்கு பழையபடி திரும்பிவிட்டது. அவர் என் கையை விடவில்லை. "அப்படியானால் உங்கள் படுக்கையை யார் விரிக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"நானேதான்" என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. நாலைந்து நிமிடத்தில் ஆக்சிஜனோடு ஆட்கள் வந்து அவரைக் கொண்டுபோனார்கள்.

மாலையில் பாதுகாப்பு அதிகாரி என் கதவுக்கு வெளியே இரண்டடி தள்ளி நின்று விசாரித்தார். கெட்ட மனிதர் இல்லை. சாவி எப்படி வந்தது, ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பெண்மணி உங்கள் உறவினரா என்று கேட்டார். இல்லை, கூப்பிட்டேன், குரல் வரவில்லை என்றேன். அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்துவிட்டு 'வேறு காரணம்' என்ற இடத்தில் எழுதினார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கியது. இந்த முறை கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. டோரதியை அடுத்த துறைமுகத்தில் இறக்கினார்கள் என்றும், ஆம்புலன்ஸில் அவரே நடந்துபோய் ஏறினார் என்றும் சாப்பாடு கொண்டுவந்த நண்பன் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னான். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது.

தமிழரசியிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவள் முழுவதையும் கேட்டாள். அணைக்கரைக் காற்று போனில் இரைந்தது.

"அந்தம்மா பொழச்சிகினாங்களா?"

"பொழச்சிகினாங்க."

"சரி, லேட்டாவே வாங்க" என்றாள். "ஆனா வந்துடுங்க."

ஒரு மாதம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து மலையடிவாரம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையில் கால் வைத்ததும் தரை லேசாகச் சாய்ந்தது. நீண்ட நாள் கடலில் இருந்தவர்களுக்கு இது வரும். கப்பல் நின்றாலும் உடம்பு நிற்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, என் மகளும் அதே மாதிரி ஆடிக்கொண்டு நின்றாள். நடை பழகத் தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. புதிய ஆளைப் பார்த்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தள்ளாடிய என் கால்களைக் கூர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு பேரையும் நானே புடிச்சிகினு நிக்கணுமா?" என்றாள் தமிழரசி.

குழந்தை கட்டில் காலை விட்டாள். நானும் சுவரை விட்டேன். அவளுக்கு அந்தத் தரையில் நடப்பது புதிது. எனக்கு அது பழையதுதான், ஆனால் கடல் இன்னும் என் காலுக்கடியில் இருந்தது. இரண்டு பேரும் கையை விரித்துக்கொண்டு, ஒருவரை நோக்கி ஒருவர், ஆடி ஆடி நடந்தோம்.