கொம்பு வெட்டிய சம்மனசுகள்

பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பிலும் தலையணையிலும் என் பள்ளிக்கூடப் பையிலும் அந்த வாசனைதான் இருந்தது. பெயிண்ட் கடைக்காரர் வீட்டில் அந்த வாசனை இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். ராயபுரத்தில் எங்கள் கடை கீழே, வீடு மேலே. ஆனால் கடையின் வாசனையை அம்மா ஒருநாளும் மாடிப்படி ஏற விட்டதில்லை. அந்த வருஷம் அது ஏறியதற்குக் காரணம், அப்பா ஏலத்தில் எடுத்த பொம்மைகள்.

துறைமுகத்துக்கு வந்து யாரும் எடுக்காமல் கிடக்கும் சரக்கை மொத்தமாக ஏலம் விடுவார்கள். அப்படி ஒரு குவியலுக்கு "லாட்டு" என்று பெயர். அதில் ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டுவார்கள், மிச்சத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்பா இப்படித்தான் குழாய், கீல், பூட்டு என்று எடுத்து வந்து விற்பார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட எங்கள் ஆட்களிடையே, அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சின் மேல் அவருக்கு உள்ளூரக் கொள்ளை ஆசை. அந்த முறை பிரித்த பெட்டியில் மேலாகக் கிடந்தது, விரல் உயரத்தில் முழுசாக ஒரு தாடிக்காரக் கிழவர். நீண்ட அங்கி, கையில் கோல். அப்பா அங்கேயே முடிவு கட்டிவிட்டார், இது மாதாவின் கணவர் சூசையப்பர், இவை கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் என்று. லாட்டை எடுத்ததோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், இந்த வருஷம் நம்ம கோயில் பங்கில் எல்லார் வீட்டுக் குடிலுக்கும் நம்ம கடை பொம்மைதான் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

பெட்டிகளை மாடியில் பிரித்தபோது, கடையில் வேலை பார்த்த சேகர் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். வியாசர்பாடிக்காரர், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். "இன்னா அண்ணாச்சி, எல்லாம் கொம்பு வச்சிகினு கீது?" என்றார். கொம்பு மட்டுமா? கோரைப்பல், வௌவால் இறக்கை, கோடாலி, இடுப்பில் மண்டையோடு. வெளிநாட்டில் பெரியவர்களே மேசைமேல் படை நிறுத்திப் போர் விளையாடுவார்கள், இவை அதற்கான பூதப் படைகள், வாங்குகிறவர்களே ஒட்டி வர்ணமும் அடித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு நாங்கள் பார்த்தது, சாம்பல் நிறத்தில், கை வேறு கால் வேறாக, பெட்டி பெட்டியாகப் பிசாசுகள். அப்பா பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "வெளிய ஒருத்தருக்கும் தெரியப்பிடாது, கேட்டியா" என்றார்.

மறுநாளே வேலை தொடங்கியது. அம்மா கைகால்களை ஒட்டி, நகவெட்டியால் கொம்புகளை வெட்டினாள். அப்பா கோடாலிகளின் தலையைச் சீவி, இடையர்களின் கோலாக ஆக்கினார். இறக்கை இருந்தவை எல்லாம் "சம்மனசு" ஆயின. தேவதூதர்களை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். வாலும் செதிலுமாக இருந்த ஒரு மிருகத்துக்கு இறக்கையை எடுத்துவிட்டால் அது ஒட்டகமாகிவிடும் என்று அப்பா உண்மையாகவே நம்பினார். பெயிண்ட் அடிப்பது என் பொறுப்பு. கடையில் விற்காமல் கிடந்ததெல்லாம் மேலே வந்தது: கேட்டுக்கு அடிக்கும் பச்சை, பீரோவுக்கு அடிக்கும் சில்வர், மாதாவுக்கு ஒரு கதவு நீலம். கஞ்சி மாதிரிக் கெட்டியான பெயிண்டில் ஒரு பூச்சுக்கே கண்ணும் மூக்கும் மூழ்கிப்போகும். கோரைப்பல் மறைய வேண்டுமென்றால் முகமும் மறையத்தான் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தால் ஜெபமாலை நேரத்துக்குள் ஒரு சூசையப்பர், பாதிச் சம்மனசு. பெட்டிகள் குறைந்தபாடில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா எல்லாவற்றின் மேலும் போர்வையை விரித்துவிடுவாள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று விசாரிப்பார்கள்.

வகுப்பில் நான் விரல்களை மடக்கியே வைத்திருந்தேன். நகக்கண்ணில் கேட் பச்சை. பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லா வாசனை தாங்காமல் பெஞ்சு ஓரத்துக்குத் தள்ளிப் போனாள், காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், கோயில் வளாகத்தில் அப்பா ஒரு மேசை போட்டார். வெள்ளைத் துணி விரித்து, குடும்பம் குடும்பமாக நிறுத்தி வைத்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் மோசமில்லை. நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன், கைகளைப் பாவாடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. பூசை விட்டு முதலில் வந்தது ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும். அந்த அம்மாள் ஒரு சூசையப்பரை எடுத்து, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி, சூசையப்பர் இடுப்புல மண்டையோடு தொங்கினு கீது?"

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா வியாபாரத்தில் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பூட்டு துருப்பிடிக்கும் என்றால் துருப்பிடிக்கும் என்று சொல்லித்தான் கொடுப்பார். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே, "மண்டையோடு இல்லம்மா, அது சுரைக்குடுக்கை. அந்தக் காலத்துல தண்ணி கொண்டு போறது" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எம் மவதான் பெயிண்ட் அடிச்சா. சொல்லு மக்கா."

"ஆமா, சுரைக்குடுக்கைதான்" என்றேன்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் சம்மனசைத் தூக்கி வாலைக் காட்டினார். இன்னொருவர் ஒட்டகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, பல்லை எண்ணச் சொன்னார். கெட்ட சிரிப்பு இல்லை, எங்கள் மேல் பிரியமுள்ளவர்களின் சிரிப்புதான். பூசை வைத்த பங்குச் சாமியார் வந்து அப்பாவின் தோளில் கை வைத்து, "எடுத்து வச்சிருங்க அண்ணாச்சி" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மென்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் காது சுட்டது. அப்பாவின் காதைப் பார்த்தேன், அதுவும் சிவந்திருந்தது.

அதற்கப்புறம் அவருக்குப் பெயரே "சுரக்கா அண்ணாச்சி" ஆகிவிட்டது. ஆணி வாங்க வருகிற சின்னப் பிள்ளைகள்கூட அப்படிக் கேட்டு வந்தார்கள், அவர்களுக்குக் காரணம் தெரியாது. பெட்டிகள் பரணுக்குப் போயின. அப்பா ஏலத்துக்குப் போவதை விட்டுவிட்டார். எந்தப் பெட்டியையும் தட்டிப் பார்க்கவில்லை.

அம்மா போனபின் அப்பா திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். கடையைக் காலி செய்தபோது பெட்டிகளும் கூடவே வந்தன. போனில் எதையோ தேடப்போய் இந்தப் பொம்மைகள் என்னவென்று தெரிந்துகொண்ட நான், மெல்லிய பிரஷ்ஷும் நல்ல வர்ணமும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து அடிக்கிறேன். பழைய பெயிண்டை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தேய்த்தால், அடியிலிருந்து முகங்கள் வருகின்றன. சுருக்கம், மூக்கு, கண்ணிமைகூட. ஒன்றை முடிக்கவே ஒரு மாதம் போகிறது. இந்த வேகத்தில் என் ஆயுளில் ஒரு பெட்டி முடிந்தால் அதிகம்.

இப்போது ஏலமெல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. எங்கள் கடை இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. அன்றைக்குச் சிரித்தவர்களில் பலர் இல்லை, இருப்பவர்கள் பங்கு மாறி எர்ணாவூர், எண்ணூர் என்று போய்விட்டார்கள். சுரக்கா அண்ணாச்சி என்றால் இன்று ராயபுரத்தில் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

போன ஞாயிறு அப்பா சீக்கிரம் எழுந்துவிட்டார். நான் மறைப்பதற்குள் பின்னால் வந்து நின்று, முடித்து வைத்திருந்த ஒன்றைக் கையில் எடுத்தார். தாடிக்கு நடுவே கோரைப்பல் தெரிய, இடுப்பில் மண்டையோட்டோடு நிற்கும் மந்திரவாதிக் கிழவர். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என நான் காத்திருந்தேன்.

"இத வெளிய யாரும் பாக்கலியே?" என்றார்.

இல்லையென்றேன். பொம்மையை வைத்துவிட்டு, சுவரில் அவருக்காகப் பதித்த கம்பியைப் பிடித்து நடந்து போய் ஜன்னலைச் சாத்தினார். மூன்றாவது மாடி, அந்தப் பக்கம் கடலைத் தவிர ஒன்றும் இல்லை.