குறுக்கே வந்த மாடு

நியூசிலாந்தில் அடிபட்டவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இது எனக்கு இன்னும் பழகவில்லை. மலைக்காட்டுத் தடத்தில் சைக்கிள் விட்டுத் தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டவர், "என் தப்புதான், வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன்" என்கிறார். டாக்டரும் அதை அப்படியே எழுதிவைக்கிறார். யார் மேல் தப்பு என்று கேட்காமலேயே இங்கே அரசாங்கமே வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்கிறது, அதனால் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று என்னோடு வேலை பார்க்கும் ஹெலன் சொன்னாள். வேண்டியதில்லை என்றால் மனிதர்கள் பொய் சொல்ல மாட்டார்களா? நான் நெய்வேலியில் வளர்ந்தவள். அவ்வளவு சுலபமாக நம்பிவிட மாட்டேன்.

என் வேலை மெடிக்கல் கோடிங். டாக்டர் எழுதியதைப் படித்து, என்ன காயம், எங்கே, எப்படி ஏற்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். சைக்கிள்காரர் மரத்தில் மோதினால் ஒரு குறியீடு, இன்னொரு சைக்கிளில் மோதினால் வேறு, மிருகத்தில் மோதினால் வேறு. தார் ரோடா, காட்டுத் தடமா என்பதும் அதில் சேர வேண்டும். வந்த புதிதில் ஒரு கோப்பில் 'ஆட்டின் மேல் மோதினார்' என்று இருந்தது. எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது. "ஆடு இருந்தது உறுதிதானா?" என்று டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். "உறுதி. எத்தனை ஆடு என்றும் வேண்டுமா?" என்று பதில் வந்தது. ஹெலன் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஏன் கேட்டேன் என்று விளக்கப் பார்த்தேன். "உங்கள் ஊரில் ஆடுகளே கிடையாதா?" என்று இரக்கத்தோடு கேட்டாள்.

எங்கள் ஊரில் மாடு. டவுன்ஷிப்பில் ஒரே பிளாக்கைச் சேர்ந்த இருவர் வண்டியில் இடித்துக்கொண்டால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பேசி முடித்துவிடுவார்கள்: மாடு குறுக்கே வந்தது. ஆள் பெயரைச் சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், அப்புறம் சுரங்கத்துக்குப் போகும் ஷிப்ட் பஸ்ஸில் ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி விழிப்பது? மாட்டுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. என் அப்பா முழங்கையில் கட்டோடு வந்தபோதும் மாடுதான். அந்த மாடு மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கண்கலங்கி, காபி குடித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து கட்டுப் போட்ட யாரைப் பார்த்தாலும், இவருடைய மாடு யார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

போன மாதம் ஒரு மதியம், அங்கே காலை நேரம், தம்பி பாஸ்கரின் மனைவி கலா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் அம்மா வீடு முத்தாண்டிக்குப்பம். முந்தின நாள் பாஸ்கர் அங்கிருந்து முந்திரித் தோப்புக்குள் செம்மண் தடத்தில் சைக்கிளில் வரும்போது விழுந்துவிட்டானாம். நர்சிங் ஹோமில் கைக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

"நேத்துலேர்ந்து சோறே எறங்கலக்கா. வயித்தப் புடிச்சிகினு படுத்துகினே இருக்காரு."

பாஸ்கர் படுத்தபடியே கையை ஆட்டினான். "ஒண்ணும் இல்லக்கா. மாடு குறுக்க வந்துச்சு, பிரேக் புடிச்சேன், மணல்ல சாஞ்சிட்டேன். கை மட்டும்தான்."

மாடு என்றதுமே எனக்குக் காது விடைத்துக்கொண்டது. "சட்டையத் தூக்கு" என்றேன். அவன் மழுப்பினான். கலா தூக்கிக் காட்டினாள். இடப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே, நாணயம் வைத்து அழுத்தியதுபோல் வட்டமாகக் கன்றிப்போயிருந்தது. நான் கோப்புகளில் எத்தனையோ முறை படித்த தடம் அது. ஹேண்டில்பாரின் முனை நேராக வயிற்றில் குத்தினால் வருவது. வெளியே அவ்வளவுதான் தெரியும். உள்ளே மண்ணீரல் கிழிந்து இரத்தம் மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கலாம். மணலில் பக்கவாட்டில் சாய்ந்தவன் வயிற்றை எந்த டாக்டர் பார்ப்பார்?

"மாட்டுக்குக் கொம்பு வட்டமாவாடா இருந்துச்சு?"

சட்டையை இழுத்து மூடிக்கொண்டான். பிறகு, "விக்கிதான்க்கா. வளைவுல எதிர்ல வந்துட்டான். அடுத்த வாரம் அவனுக்கு வேலைக்காகப் போலீஸ் வெரிபிகேஷன். ராணி அத்த என் கையப் புடிச்சிகிட்டு அழுதாங்க" என்றான்.

விக்கி பக்கத்து குவார்ட்டர்ஸ் ராணி அத்தையின் மகன். புதிதாக வாங்கிய கியர் சைக்கிளைத் தோப்பு மேட்டில் விரட்டி ஓட்டுகிறவன். ராணி அத்தை, என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர். எல்லாம் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. தம்பி செத்துப்போவான் என்று பயந்தேன். "கலா, இப்பவே ஆட்டோ கூப்பிடு. இன்னொரு சைக்கிள் ஹேண்டில்பார் வயித்துல குத்துச்சுன்னு டாக்டர்கிட்ட சத்தமா சொல்லு. மாட்டப் பத்திப் பேசவே பேசாத" என்றேன்.

ஸ்கேனில் மண்ணீரலில் கிழிசல் இருந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் படுக்கவைத்தார்கள். அறுவை சிகிச்சை இல்லாமலே பிழைத்துக்கொண்டான். போலீசுக்கும் தகவல் போனது. இரு வீட்டாரும் சமாதானம் என்று எழுதிக்கொடுத்த பிறகும், விக்கியின் வேலை உத்தரவு இன்னும் வரவில்லை. நான் ராணி அத்தைக்குப் போன் செய்தேன்.

"தம்பி பொழச்சது சந்தோஷம்மா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே விக்கிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் உள்ளத சொல்ல வெச்சிருப்பேன். நீ எங்கள நம்பல" என்றார். போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதை நான் அப்போது நம்பினேனா என்று கேட்டால், இல்லை. இப்போதும் பாதிதான் நம்புகிறேன்.

நேற்று கலா மறுபடி கூப்பிட்டாள். பாஸ்கர் எழுந்து நடக்கிறான். தெருவில் விசாரிக்கிறவர்களிடம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மாடுதாங்க்கா" என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல். "ராணி அத்தையும் அதத்தான் சொல்றாங்க. விக்கிதான் தெனம் பால் வாங்கியாந்து தரான்."

அப்போது அவள் பின்னால், இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலி இடைவெளி வழியாக ராணி அத்தை ஒரு தூக்குச் சட்டியோடு உள்ளே வந்தார். "பாஸ்கரு, ரசம் சூடா இருக்கு" என்றவர் போனில் என் முகத்தைப் பார்த்தார். தூக்கை மேசையில் வைத்துவிட்டு, படத்தில் தெரியாத பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார். அவருடைய வளையல் சத்தமும் பாஸ்கர் சிரிப்பதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. யாரும் போனை அவர் பக்கம் திருப்பவில்லை.