மெழுகைத் தின்ற புழு

என் வீட்டுக்காரர் மலாயாவில் இறந்துபோனார். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவருக்கு விஷக்காய்ச்சல் கண்டதாம். கப்பலில் திரும்பி வந்த ஊர்க்காரர் ஒருவர் வாசலில் நின்று சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பிள்ளை இல்லாத நான், ஆவூருக்குப் பக்கத்தில் இருந்த அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தேன்.

ஐம்பதுகளில் தேனீ வளர்க்கச் சொல்லி சர்க்கார் ஆட்கள் ஊர் ஊராக வந்தார்கள். எங்கள் ஊருக்கு ஒரு ஃபீல்டுமேன் சைக்கிளில் வந்தார். மதினி என்னைக் கேட்கவே இல்லை. "எங்க நாத்தனாருக்கு ஒரு பெட்டி குடுங்க" என்றாள். நான் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தை மாதம் பெட்டி வந்தது. கொல்லையில் வேப்பமரத்து நிழலில் வைத்தோம். எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களுக்கும் தண்ணீர் ஊற்றிய மண்சட்டி. பெட்டி வாசலில் ஈயைக் கவ்வ வரும் குளவியை அடிக்க ஒரு விளக்குமாறு. பல்லியை விரட்டவும் அதேதான்.

"இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற எதிரிங்க. மெழுகுப் பூச்சின்னு ஒண்ணு இருக்கு. சாம்பல் நெறத்துல இருக்கும். பொழுது சாயையில இடுக்குல வந்து முட்டை வைக்கும். அடிப்பலகையில கருப்பாத் தூள் கெடக்கான்னு பாத்துக்கிட்டே இருங்க" என்றார் ஃபீல்டுமேன்.

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சித்திரையில் வேம்பு பூத்தபோது ஈக்கள் பெட்டி கொள்ளாமல் திமிறின. முதல் தேனில் லேசாகக் கசப்பு இருந்தது. அண்ணன் விரலை நக்கிக்கொண்டே, "மருந்துக்கு ஆகும்" என்று சிரித்தார். தேனை எடுத்த பிறகு கையில் ஒட்டியிருந்த மெழுகை உருட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. கல்லறைத் திருநாளன்று எல்லாரும் தங்கள் மனிதர்களின் குழிமேட்டில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அவருக்கு இங்கே குழிமேடு இல்லை. என் ஈக்களின் மெழுகில் என் கையாலேயே அவருக்கு ஒரு திரி செய்து ஏற்ற வேண்டும்.

மதினியிடம் மட்டும் சொன்னேன். "செய்வோம் ஆத்தா. பழைய தேனடையை எல்லாம் உருக்கினா ஒரு திரிக்குக் காணும்" என்றாள்.

அந்த வருஷம் கோடை மழை பெய்யவில்லை. ஆடிக் காற்று செம்மண்ணை வாரி அடித்தது. எங்கும் ஒரு பூ இல்லை. சீனித் தண்ணீர் காய்ச்சி வைத்தேன். இருந்தும் ஈக்கள் குறைந்துகொண்டே வந்தன. அடைகள் ஓரத்தில் வெறுமையாகத் தெரிந்தன. ஒருநாள் அடிப்பலகையில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கருந்தூள் கிடந்தது. அடை கட்டியிருந்த மரச்சட்டத்தைத் தூக்கினேன். அடைக்குள் வெள்ளைப் புழுக்கள் குடைந்து போயிருந்தன. போன வழியெல்லாம் சிலந்தி வலை மாதிரி நூல். அந்த நூலில் சிக்கி, பிறக்கவிருந்த குஞ்சு ஈக்கள் தலையை மட்டும் வெளியே நீட்டிச் செத்துக் கிடந்தன.

மதினியும் நானுமாகப் புழு விழுந்த அடைகளை அறுத்து எரித்தோம். பலகையைச் சுரண்டி, இடுக்குகளில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினோம். ஈக்கள் மூடி உட்காரும் அளவுக்கு இரண்டே சட்டங்களை விட்டு வைத்தோம். ஃபீல்டுமேன் வந்து பார்த்தார்.

"செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டீங்கம்மா. கூட்டம் பலமா இருந்தா அதுகளே புழுவைத் தூக்கி வெளிய போட்டுரும். இதுக்குத் தெம்பு இல்ல" என்றார்.

ஆவணியில் ஒரு காலை பெட்டியருகே போனபோது இரைச்சலே கேட்கவில்லை. மூடியைத் திறந்தேன். ஒரு ஈ கூட இல்லை. மிச்சமிருந்த அடையையும் நூல் மூடியிருந்தது. செத்தவை அங்கே அதிகம் கிடக்கவில்லை. எல்லாம் எங்கோ கிளம்பிப் போய்விட்டன.

"மதினி, சொல்லிக்காமப் போயிருச்சுக" என்றேன். வாசலில் அந்த ஊர்க்காரர் வந்து சொன்ன அன்று நான் அழவில்லை. அவருக்காகக் கோயிலில் பூசை வைத்தபோதும் அழவில்லை. அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலறினேன். பக்கத்துக் கொல்லைக்காரி ஓடிவந்து, "ஈ போனதுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டாள். மதினி அவளிடம், "நீங்க போங்க. அது அழட்டும்" என்று சொல்லிவிட்டு என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்லறைத் திருநாளன்று தூறல் போட்டது. கடையில் வாங்கிய திரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஊரில் அடக்கமாகாதவர்களுக்காகப் பெரிய சிலுவையின் அடியில்தான் திரி வைப்பார்கள். என்னுடையது பற்றுவதும் அணைவதுமாக இருந்தது. மதினி முந்தானையை விரித்துக் காற்றை மறைத்தாள். பாதி எரிந்ததும் மழை வலுத்து, எல்லாத் திரிகளும் அணைந்துவிட்டன. கூட்டம் கோயிலுக்குள் ஓடியது. நாங்கள் இருவரும் நனைந்துகொண்டே செபத்தை முடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த தையில் ஃபீல்டுமேன் வேறு ஒரு ஈக்கூட்டம் கொண்டுவந்தார். "வச்சுக்கிறீங்களா?" என்று தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மதினி பெட்டியின் கால்சட்டிகளில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருந்தாள். பல வருஷம் ஈ வளர்த்தேன். மெழுகும் சேர்ந்தது. திரி செய்ய மட்டும் அப்புறம் தோன்றவில்லை.